கரை வாரியம்

கவுண்டிக் கச்சேரியில் நான் எழுத்தர்.
மீன்பிடி உரிமம், கல்யாணப் பதிவு,
தொலைந்த நாயின் பட்டை எண்,
எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான்.
முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு மரச்சட்டம்.
அதற்குள் அர்கன்சா மாநிலத்தின் சட்டம், முதல் பக்கம் மட்டும்.
அதற்குக் கீழே இடுப்பளவில்
பழைய வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கறை.
மூன்று முறை வெள்ளையடித்தாயிற்று,
மழைக்காலத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

அந்த முதல் பக்கம்
சர்வவல்ல கடவுளுக்கு நன்றி சொல்கிறது,
மத சுதந்திரம் தந்ததற்காகவும்.
நன்றி நல்ல பழக்கம்தான்.
மீதிப் பக்கங்கள் அலமாரியில்.
பத்தொன்பதாம் பகுதியைத் திறந்தால்,
கடவுள் இல்லை என்பவர்
எந்தப் பதவியும் வகிக்கலாகாது,
எந்த மன்றிலும் சாட்சி சொல்லலாகாது.

செத்த பாம்பு அது, என்றார் வக்கீல்.
வாஷிங்டனில் பெரிய கோர்ட்டு
அறுபது வருஷத்துக்கு முன்பே தலையை நசுக்கிவிட்டதாம்.
சரி.
செத்ததை ஏன் இன்னும்
ஒவ்வொரு பதிப்பிலும் அச்சடிக்கிறோம்?

ஜனவரி. ஆற்றுக்கரை வாரியத்துக்கு
இரண்டு புது ஆட்கள்.
வெர்லீன் ஹாக்ஸ்டன், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவள்,
முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு.
ஆமோஸ் யட்ஸி, மெனோனைட், நெல் விவசாயி,
தொப்பியை மார்போடு பிடித்தபடி.

பைபிளை எடுத்து வைத்தேன்.
வெர்லீன் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இல்லாதவர் மேல் ஆணையிட்டால்
என் வார்த்தைக்கு ஜாமீன் யார்?"

வாரியத் தலைவர் கிளெட்டஸ் பார்ஹாம்
அலமாரிப் புத்தகத்தைப் பிரித்து
அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.
விரலை எடுக்கவே இல்லை.
அறையில் ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஆமோஸ் இருமினார்.
"நானும் ஆணையிட மாட்டேன்.
அவர் இருக்கிறார், அதனால்தான்.
அவர் பெயரைச் சாட்சிக்கு இழுக்க
நான் யார்?"

ஆணைக்குப் பதில் உறுதி கூற
ஒரு படிவம் உண்டு.
இழுப்பறையின் அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது,
மூலையில் காப்பி வட்டத்தோடு.
நகல் இயந்திரம் வெள்ளிக்கிழமை முதல் பழுது.

ஒரே தாள். ஒரே வாசகம்.
முதலில் அவள், அதன் கீழே அவர்.
இடம் போதாமல் யட்ஸியின் கடைசி எழுத்து
ஹாக்ஸ்டனின் வாலைத் தொட்டுக்கொண்டு நின்றது.
பார்ஹாம் விரலை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்,
அதைத் தொலைத்துவிடுவோமோ என்று பயந்தவர் போல.

நான் முத்திரை குத்தினேன்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் வேறு.
லிட்டில் ராக் மருத்துவமனை, ஏழாம் மாடி,
எட்டு வருஷத்துக்கு முன் விடிகாலை மூன்று மணி,
என் மகனின் கால்மாட்டில் நின்று கூப்பிட்டேன்.
நர்ஸ் வந்தாள்.
நல்ல பெண், என் தோளில் கை வைத்தாள்.
வேறு யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு இருமுறை பதவி ஏற்றிருக்கிறேன்.
இரண்டு முறையும் இடக்கை பைபிளின் மேல்,
வலக்கை தோளுக்கு மேல்.
குரல் பிசிறவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.
ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டையும்
நான்தான் ஏந்திப் போகிறேன்.
அந்த வரி என்னைத் தாண்டிப் போய்விட்டது;
வாயைத் திறந்தவளைத்தான் பிடித்தது.

ஏப்ரலில் ஆறு ஏறிற்று.
கரையில் டார்ச் வெளிச்சத்தில் மணல்மூட்டை.
யார் எதை நம்பி மூட்டை தூக்கினார்கள் என்று
தண்ணீர் கேட்டதாகத் தெரியவில்லை.
தெற்கு முனையில் கொஞ்சம் உடைந்தது, அதுவும் உண்மை.
பார்ஹாமின் சோயா வயல் போயிற்று.

அடுத்த ஜனவரியில் என் முறை மறுபடி.
நேற்று அச்சகத்துக்கு எழுதினேன்,
உறுதிமொழிப் படிவம், ஐம்பது படிகள்.
ஐம்பது எதற்கு என்று
அவர்கள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை, இன்னும்.